நாலாம் நாள் அளக்கவில்லை: ஆய்வு மோசடி பற்றி ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் அண்ணன் வீட்டு நடைபாதையில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் எப்போதும் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை என்று சில தொட்டிகள் இருக்கும். போன பள்ளி விடுமுறையில் போனபோது கூடவே ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் இருந்தது. உள்ளே ஈரப் பஞ்சு, அதில் முளைவிட்ட பச்சைப் பயறு. அண்ணன் மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். அறிவியல் பாடத்துக்காக மூன்று கோப்பைகள் வைத்திருந்தான். ஒன்று நடைபாதை வெயிலில், ஒன்று சமையலறை ஓரத்து நிழலில், ஒன்று துணி அலமாரிக்குள் இருட்டில். தினமும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

நோட்டைப் பெருமையாகக் காட்டினான். வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெயில் கோப்பை 3.1 சென்டிமீட்டர், ஐந்தாம் நாள் 5.7, நடுவில் நாலாம் நாள் 4.4. நிழல் கோப்பை 4.2, 7.8, நடுவில் 6.0. இருட்டுக் கோப்பை 5.3, 10.1, நடுவில் 7.7. மூன்றுமே துல்லியமாகப் பாதி வழியில் நின்றன. முளை அப்படி ஒழுங்காக வளராது.

"நாலாம் நாள் யார் அளந்தது?" என்றேன்.

"அன்னிக்கு எல்லாரும் ஜோகூர் போயிட்டோம் அத்தை. நடுவுல வர்ற நம்பரைப் போட்டுட்டேன். சரியாத்தானே இருக்கும்?"

சரியாகக்கூட இருந்திருக்கலாம். உண்மையில் அளந்திருந்தால் 4.4க்குப் பதில் 4.3 வந்திருக்கும், அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளையைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்தவளுக்கு அந்த மூன்று எண்களையும் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. அவன் செய்த காரியத்துக்கு ஆராய்ச்சி உலகில் ஒரு பெயர் இருக்கிறது. அதே காரியத்தைப் பெரியவர்கள் செய்து, பட்டம் பறிபோய், வேலை போய், நோயாளிகள் உயிருக்கே ஆபத்து வந்த கதைகள் உண்டு. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மூன்று வகை

ஆய்வு மோசடி என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதிமுறைகள் மூன்று செயல்களைத்தான் முதலில் சொல்லும்.

முதலாவது புனைவு. அளக்காததை அளந்ததாக எழுதுவது, கேட்காத நோயாளியிடம் கேட்டதாக எழுதுவது. நாலாம் நாள் 4.4 இந்த வகை.

இரண்டாவது திரிப்பு. அளந்தது உண்மை, ஆனால் வந்த முடிவை வேண்டிய பக்கம் வளைப்பது. எங்கள் பயறே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'வெயிலில் வைத்ததுதான் உயரமாக வளரும்' என்று எதிர்பார்த்துத்தான் அவன் தொடங்கினான். ஆனால் இருட்டில் வைத்ததுதான் விறுவிறுவென்று உயர்ந்தது. வெளிச்சத்தைத் தேடி முளை தன்னிடம் இருக்கும் சத்தையெல்லாம் நீளத்தில் போட்டுவிடும். வெளிறி, மெலிந்து, நிற்க முடியாமல் சாயும். இதை அறியாத ஒரு பிள்ளை, 'ஐயோ, தப்பாக வந்துவிட்டதே' என்று பயந்து இரண்டு கோப்பைகளின் பெயர்ச்சீட்டையும் மாற்றி ஒட்டிவிட்டால் அது திரிப்பு. பிடிக்காத எண்ணை மட்டும் சொல்லாமல் நீக்குவதும், படத்தில் ஒரு பகுதியை வெட்டி ஒட்டுவதும் இதில் சேரும். இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்தப் பிள்ளை மறைத்த எண்ணில்தான் பாடமே இருந்தது.

மூன்றாவது கருத்துத் திருட்டு. அடுத்தவர் எழுத்தையும் எண்ணத்தையும் தன்னுடையதாகக் காட்டுவது. இது பலருக்கும் தெரிந்ததுதான், நீட்டி எழுதவில்லை.

திரிப்புக்கு ஆய்வுக்கூடங்களில் இன்றும் சொல்லப்படும் ஒரு பழைய கதை உண்டு. 1974, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிலையம். ஓர் உடலின் தோலை எடுத்து இன்னோர் உடலில் ஒட்டினால், அந்த உடல் அதை ஏற்காமல் தள்ளிவிடும். வில்லியம் சம்மர்லின் என்ற மருத்துவர், தோலைச் சில வாரம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவிட்டு ஒட்டினால் உடல் ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லி வந்தார். கறுப்பு எலியின் தோலை வெள்ளை எலிக்கு ஒட்டியிருந்தார். ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தால் வரவில்லை. இயக்குநர் அவரை அழைத்தார். எலிகளை எடுத்துக்கொண்டு போகும் வழியில், மின்தூக்கிக்குள், சட்டைப்பையில் இருந்த கறுப்பு மைப் பேனாவால் அந்த வெள்ளை எலிகளின் தோலில் திட்டுப் போட்டுக் கறுப்பாக்கிவிட்டார். இயக்குநருக்குத் தெரியவில்லை. எலிகளைக் கூண்டுக்குத் திருப்பி வைத்த உதவியாளர்தான் கவனித்தார். ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார், கறுப்பு போய்விட்டது.

இந்தக் கதையில் நான் அடிக்கடி நினைப்பது அந்த உதவியாளரைத்தான். மேலே பெரிய பெரிய பேராசிரியர்கள் இருக்க, எலிக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவர் கண்ணில்தான் அது பட்டது. அவர்தான் அந்த எலிகளைத் தினமும் பார்க்கிறவர்.

தப்பு வேறு, மோசடி வேறு

இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வில் தப்பு வருவது மோசடி ஆகாது.

2011 செப்டம்பரில் இத்தாலியில் ஓர் ஆய்வுக் குழு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்கடியில் வந்த நியூட்ரினோ துகள்கள், ஒளியைவிட 60 நானோவினாடி முந்தி வந்து சேர்ந்ததாக அவர்களின் கருவி காட்டியது. அப்படி நடந்தால் இயற்பியலின் அடித்தளமே ஆடிவிடும். அவர்கள் மாதக்கணக்கில் தேடியும் எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், 'எங்களுக்கு இப்படி வருகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை, மற்றவர்களும் சோதித்துப் பாருங்கள்' என்று முடிவைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். சில மாதம் கழித்துக் காரணம் தெரிந்தது. முக்கியமாக, ஓர் ஒளியிழைக் கம்பி சரியாகப் பொருந்தாமல் தளர்வாக இருந்திருக்கிறது. அதையும் அவர்களே அறிவித்தார்கள். குழுவுக்குள் பெரிய மனக்கசப்பு வந்தது, தலைமையில் இருந்தவர்கள் பொறுப்பிலிருந்து விலகினார்கள். ஆனால் யாரும் அதை மோசடி என்று சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். எழுதியதைப் பின்தொடர்ந்து போனால் அந்தத் தளர்ந்த கம்பி வரைக்கும் போக முடிந்தது.

மோசடி செய்கிறவர் இந்த வழியைத்தான் அறுத்துவிடுகிறார். நாலாம் நாள் 4.4 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அங்கே கோப்பையும் இல்லை, ஸ்கேலும் இல்லை. ஜோகூர் பாலத்தில் வரிசையில் நிற்கும் ஒரு கார்தான் இருக்கிறது.

இதனால்தான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கருவிகளைக் காட்டவில்லை, ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். கெட்டி அட்டை, தைத்த தாள், ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் அச்சிட்டது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பென்சில் கூடாது. திருத்தும் வெள்ளை மை கூடவே கூடாது. தப்பாக எழுதினால், எழுதியது படிக்கத் தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், தேதி, கையெழுத்து. படம் ஒட்டினால் பாதிக் கையெழுத்து படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும், பிறகு யாரும் பிய்த்து மாற்ற முடியாதபடி. இப்போது பல இடங்களில் எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. ஆனாலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

வல்லாரைக் கணக்கு

மோசடிக்கும் நேர்மைக்கும் நடுவில் ஒரு பெரிய சாம்பல் நிற நிலம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதிகக் கவலை இதில்தான். மின்தூக்கிக்குள் எலிக்கு மை பூசுகிறவர்கள் குறைவு. இந்த நிலத்தில் நடமாடுகிறவர்கள் நிறைய.

ஓர் எடுத்துக்காட்டு. வல்லாரைச் சாறு குடித்தால் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி கூடுமா என்று ஒருவர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்குச் சாறு, இன்னொரு குழுவுக்கு வெறும் பச்சை நிறத் தண்ணீர். ஒரு மாதம் கழித்து ஞாபகசக்தியைச் சோதிக்கிறார். வித்தியாசம் இல்லை. சரி, கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்போம். இல்லை. தமிழ்? இல்லை. தூக்கம், பசி, கவனம், பெண் பிள்ளைகள் மட்டும், பத்து வயதுக்கு மேல் மட்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறார். இருபதாவதாகப் பார்த்ததில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. உடனே 'வல்லாரை, ஆண் பிள்ளைகளின் வாசிப்பு வேகத்தைக் கூட்டுகிறது' என்று கட்டுரை தயார். முன்னே பார்த்த பத்தொன்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதில் என்ன தப்பு? ஆராய்ச்சியில் வழக்கமாக, வெறும் தற்செயலால் இப்படி ஒரு வித்தியாசம் வர 5 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே இருந்தால் அதைப் பொருட்படுத்தலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சோதனை என்றால் அது ஓரளவு நல்ல காவல். இருபது முறை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சோதனைகளைச் செய்தால், சாற்றில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், குறைந்தது ஒன்றிலாவது பொய்யான வித்தியாசம் தெரிய 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. தேடிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'இது இருபதில் ஒன்று, இனிமேல்தான் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதினால் குற்றமே இல்லை. பத்தொன்பதை மறைத்ததில்தான் இருக்கிறது எல்லாம். மருந்துச் சோதனைகளில், தொடங்கும் முன்பே எதை அளக்கப் போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எவ்வளவு பேர் இப்படிச் செய்கிறார்கள்? 2009இல் டேனியேலே ஃபனெல்லி என்ற ஆய்வாளர், அறிவியலாளர்களிடமே கேட்டு எடுத்த பல கருத்தாய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஒருமுறையாவது தரவைப் புனைந்ததாகவோ திரித்ததாகவோ ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 2 விழுக்காடு. மற்ற சந்தேகத்துக்குரிய நடைமுறைகளை ஒப்புக்கொண்டவர்கள் சில கருத்தாய்வுகளில் 34 விழுக்காடு வரை. உடன் வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கேட்டபோது எண்கள் இன்னும் கூடின.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. எந்த இடம், யார் என்பது வேண்டாம். ஒரே சோதனையை மூன்று முறை செய்தோம். இரண்டு முறை எதிர்பார்த்தபடி வந்தது, மூன்றாவது வரவில்லை. மேலே இருந்தவர் படங்களைப் பார்த்துவிட்டு, நல்லதாக வந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மூன்றாவது ஏதோ கைப்பிசகு என்றார். கைப்பிசகா என்று யாரும் தேடவில்லை. பல மாதம் கழித்து, முதல் இரண்டு முறை பயன்படுத்திய வேதிப்பொருள் புட்டிதான் கெட்டுப்போயிருந்தது என்று தெரிந்தது. மூன்றாவது முறை நான் புதுப் புட்டியைத் திறந்திருந்தேன். அந்தத் தேதி என் நோட்டில் இருந்தது. அன்றைக்கே அதைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

எப்படிப் பிடிபடுகிறார்கள்?

பெரும்பாலும் அளவுக்கு மீறிய அழகால்தான். என் அண்ணன் மகன் பிடிபட்டதும் அப்படித்தான்.

யோஷிடாகா ஃபுஜி என்ற ஜப்பானிய மயக்க மருந்து நிபுணர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்தியைத் தடுப்பது பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். 2000ஆம் ஆண்டிலேயே சில மருத்துவர்கள் ஓர் ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார்கள்: இவருடைய தரவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறதே என்று. எந்த மருந்து கொடுத்தாலும் பக்கவிளைவாகத் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை குழுவுக்குக் குழு ஒரே மாதிரி இருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய மயக்க மருந்து மருத்துவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இத்தனை ஒழுங்கு இயற்கையில் வர வாய்ப்பே இல்லை என்று காட்டினார். 2012இல் விசாரணைக் குழு, 172 கட்டுரைகளில் புனைவு இருப்பதாக அறிவித்தது. முதல் கடிதத்துக்கும் இதற்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். அதுவரை மருத்துவர்கள் அந்தக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சில சமயம் தொடக்கப்பள்ளிக் கணக்கே போதும். 25 பேரிடம் 1 முதல் 5 வரை முழு எண்ணாக மதிப்பெண் கேட்கிறோம். சராசரி 3.47 என்று கட்டுரையில் போட்டிருக்கிறது. கூட்டுத்தொகை 86 என்றால் சராசரி 3.44. 87 என்றால் 3.48. நடுவில் 3.47 வரவே முடியாது. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர் இந்தச் சின்னச் சோதனையை வைத்து உளவியல் கட்டுரைகளைப் பரிசோதித்து, ஏராளமான பொருந்தாத எண்களைக் கண்டுபிடித்தார்கள். பொருந்தாத எண் எல்லாம் மோசடி ஆகாது, தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் 'மூலத் தரவைக் காட்டுங்கள்' என்று கேட்க அது போதும்.

அப்புறம், படங்கள். தீபாவளிக்கு முதல் நாள் நம் வீவக அடுக்குமாடி புளோக்குகளில் நடந்து போனால் வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும். புள்ளி ஒன்று, கோலம் ஒன்று என்றாலும் இரண்டு கோலம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது. கை நடுங்கிய இடம், மாவு தீர்ந்து கோடு மெலிந்த இடம், பூனை மிதித்த இடம் வேறு வேறாக இருக்கும். இரண்டு வாசலில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கை நடுங்கியிருந்தால் அது கையால் போட்டதல்ல, ஒட்டுத்தாள் என்று சொல்லிவிடலாம்.

யான் ஹென்ட்ரிக் ஷோன் பிடிபட்டது இந்த நடுக்கத்தால்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த இளம் இயற்பியலாளர். நோபல் பரிசு நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். 2001இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரையில் அவர் பெயர் வந்தது. எந்தக் கருவியால் அளந்தாலும் கோட்டில் சின்னச் சின்ன அதிர்வு இருக்கும், தேக்கா சந்தையில் மீன் நிறுக்கும் தராசின் கடைசி இலக்கம் ஆடுவதைப்போல. அதை இரைச்சல் என்பார்கள். ஷோனின் வெவ்வேறு கட்டுரைகளில், வெவ்வேறு சோதனை என்று சொன்ன வரைபடங்களில், அந்த இரைச்சல் ஒரே மாதிரி இருந்ததை மற்ற பல்கலைக்கழகங்களின் இயற்பியலாளர்கள் கண்டார்கள். விசாரணைக் குழு நோட்டைக் கேட்டது. ஆய்வுக்கூட நோட்டு வைத்திருக்கவில்லை. மூலத் தரவைக் கேட்டது. கணினியில் இடம் போதாமல் அழித்துவிட்டேன் என்றார். 2002 செப்டம்பரில் வந்த அறிக்கை, 24 குற்றச்சாட்டுகளில் 16ஐ உறுதி செய்தது.

எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் இதே வேலையை வெறும் கண்ணால் செய்கிறார். உயிரியல் கட்டுரைகளில் புரதத்தைக் காட்டும் படங்கள் வரும். சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்புக் கீற்றுகள், கம்பளிப்பூச்சிகளை வரிசையாக வைத்ததுபோல. ஒவ்வொரு கீற்றின் ஓரமும் ஒரு தனி வடிவம். ஒரே கீற்று இரண்டு இடத்தில் வந்தால், திருப்பிப் போட்டு வந்தாலும், அவர் கண்ணில் பட்டுவிடும். 2016இல் அவரும் இரண்டு பேரும் வெளியிட்ட ஆய்வில் 20,621 கட்டுரைகளைப் பார்த்திருந்தார்கள். 3.8 விழுக்காட்டில் ஒரே படம் தவறாக மறுபடியும் வந்திருந்தது. அதில் பாதியாவது வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரிந்தது. இருபதாயிரம் கட்டுரைகளை உட்கார்ந்து பார்த்த அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

யார் தலையில் விடிகிறது?

இதே அண்ணன் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று. அண்ணி பயந்துபோய் எனக்கு அனுப்பி, "இது உண்மையா? நாளைக்கு ஊசி போடப் போகணும்" என்று கேட்டார்.

அந்தப் பயத்தின் வேர் 1998இல் இருக்கிறது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் சிலரும் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மொத்தம் 12 குழந்தைகள். பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் பல வருடம் விடாமல் தோண்டியதில் விஷயங்கள் வெளியே வந்தன. தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குப் போடத் தயாரான ஒரு வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளும் கட்டுரையில் எழுதியதும் பொருந்தவில்லை. 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் மே மாதம் பிரிட்டனில் அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் கட்டுரையைத் திரும்பப் பெற்றவர்களால் பயத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. அது பல வருடம் கழித்தும் ஈசூன் வரைக்கும் வந்து, ஒரு தாயின் கைப்பேசியில் நின்றது. சிங்கப்பூரில் தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம், குழந்தைக்கும் போட்டாயிற்று. இருந்தாலும் அன்றிரவு அண்ணி தூங்கவில்லை.

இன்னொன்று, இவ்வளவு பேச்சு வாங்காதது, ஆனால் மருத்துவமனைக்குள் நடந்தது. யோஆகிம் போல்ட் என்ற ஜெர்மன் மயக்க மருந்து நிபுணர், நோயாளிகளின் ரத்த அளவைக் காக்க ஏற்றும் ஒருவகை மாவுச்சத்துத் திரவம் பாதுகாப்பானது என்று பல கட்டுரைகள் எழுதினார். அவை முறைகேடானவை என்று பின்னர் தெரிந்தது. 2013இல் அவருடைய கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு மிச்சத் தரவை மட்டும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, அந்தத் திரவத்தால் சிறுநீரகப் பாதிப்பும் மரணமும் கூடுவது தெரிந்தது. அவருடைய எண்கள் அதை மூடி வைத்திருந்தன. அறுவை சிகிச்சைக்குப் படுத்திருக்கும் ஒருவர், தமக்கு ஏற்றும் புட்டிக்குப் பின்னால் எந்தக் கட்டுரை இருக்கிறது என்று எப்படிக் கேட்பார்?

ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுபோல் இருப்பதில்லை. பேராசை உண்டு, புகழ் உண்டு. ஆனால் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவருக்கு, கட்டுரை வந்தால்தான் அடுத்த ஒப்பந்தம் என்ற நெருக்கடியும் உண்டு. அதைப் பயன்படுத்தியே ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. காசு கொடுத்தால் போலிக் கட்டுரை எழுதி, உங்கள் பெயரையும் போட்டு, ஆய்விதழில் ஏற்றிவிடும் கடைகள். கட்டுரை ஆலைகள் என்கிறார்கள். 2023இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000க்கும் மேற்பட்டவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

சிங்கப்பூரில்

இங்கேயும் நடந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தன்னிடம் முன்பு பணியாற்றிய நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளை விசாரித்து, 21 கட்டுரைகளில் கடுமையான முறைகேடு இருப்பதாக 2012 டிசம்பரில் அறிவித்தது. புனைவு, திரிப்பு, கருத்துத் திருட்டு மூன்றும் அதில் இருந்தன. 2016இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆய்வுத் தரவைத் திரித்த விவகாரத்தில் தான் கொடுத்த ஒரு முனைவர் பட்டத்தையே திரும்பப் பெற்றது.

இதே ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் ஆவணமும் உலகமெங்கும் ஆய்வுக்கூடச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. 2010 ஜூலையில் ஆய்வு நேர்மை பற்றிய இரண்டாவது உலக மாநாடு இங்கே நடந்தது. 51 நாடுகளிலிருந்து வந்தவர்கள் கூடிப் பேசி உருவாக்கிய 'ஆய்வு நேர்மை பற்றிய சிங்கப்பூர் அறிக்கை' அந்த வருடம் செப்டம்பரில் வெளியானது. நாலு கொள்கை, பதினாலு பொறுப்பு, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எல்லா நிலையிலும் நேர்மை, செய்வதற்குப் பொறுப்பேற்பது, உடன் வேலை செய்கிறவர்களிடம் மரியாதையும் நியாயமும், மற்றவர்களுக்காக நம் கையில் இருக்கும் ஆய்வு வளத்தைப் பாதுகாப்பது. பதினாலில் ஒன்று, இன்னொருவர் சரிபார்த்துத் திரும்பச் செய்யும் அளவுக்குத் தெளிவான பதிவு வைத்திருக்கச் சொல்கிறது. முறைகேடு என்று சந்தேகம் வந்தால் உரியவரிடம் தெரிவிக்கச் சொல்கிறது இன்னொன்று.

அந்தக் கடைசிப் பொறுப்பு எழுதுவதற்கு எளிது. நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாபல் என்ற புகழ்பெற்ற உளவியல் பேராசிரியர், நடக்காத சோதனைகளின் தரவை உட்கார்ந்து எழுதியதை 2011இல் வெளிக்கொண்டுவந்தவர்கள் அவருடைய துறையிலேயே இருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள். தென்கொரியாவில் ஹ்வாங் ஊ-சுக், நகலாக்கம் செய்த மனிதக் கருவிலிருந்து, உடலின் பல வகை அணுக்களாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களை உருவாக்கியதாக 2004, 2005இல் சயன்ஸ் இதழில் எழுதி நாட்டின் நாயகனாக இருந்தார். அவர் குழுவில் முன்பு இருந்த ஓர் இளம் மருத்துவர்தான் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தகவல் கொடுத்தார். நாடே ஹ்வாங் பக்கம் நின்றது. தகவல் கொடுத்தவர் மருத்துவமனை வேலையை விட்டு விலக நேர்ந்தது, கைக்குழந்தையோடு மறைந்து வாழ வேண்டியிருந்தது. கடைசியில் அவர் சொன்னது உண்மை என்று ஊருக்குத் தெரிந்தது, 2006 ஜனவரியில் சயன்ஸ் இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது. எலியைத் துடைத்துப் பார்த்த உதவியாளரிலிருந்து இவர்வரை, கண்டுபிடிக்கிறவர்கள் பெரும்பாலும் கீழ்ப்படியில் நிற்கிறவர்கள். அவர்கள் வேலைக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல அறிக்கையை ஒட்டினாலும் பயன் குறைவுதான். இதை நான் என் பயத்திலிருந்தே சொல்கிறேன்.

நாம் செய்திகளைப் படிக்கும்போது என்ன செய்யலாம்? ஓர் ஆய்வு, ஒரு நாள் தலைப்புச் செய்தி என்றால் அவசரப்பட வேண்டாம். எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், வேறு யாராவது செய்து பார்த்தார்களா, யார் காசு கொடுத்தார்கள் என்று தேடுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கென்றே ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற அமைப்பு 2010 முதல் கவனித்து வருகிறது, அதன் தரவுத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஓர் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது என்று கேள்விப்பட்டால், 'பார், அறிவியலே பொய்' என்று யாராவது சொல்வார்கள். தப்பைத் தேடி எடுத்து, பெயர் போட்டு, தேதி போட்டு வெளியே வைக்கும் இதழை நான் கூடுதலாகத்தான் நம்புவேன்.

சாப்பாட்டு மேசையில் இவ்வளவும் சொல்லவில்லை. எலிக்கு மை பூசியதைத்தான் அவன் இரண்டு முறை கேட்டான். பிறகு எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தான். அழிப்பான் எடுக்கப் போனவனிடம், வேண்டாம், ஒரு கோடு மட்டும் போடு என்றேன். 4.4, 6.0, 7.7 மூன்றின் குறுக்கேயும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தான். பக்கத்தில் எழுதினான்: 'நாலாம் நாள் அளக்கவில்லை. ஜோகூர் போயிருந்தோம்.'

"வரைபடத்துல என்ன செய்றது அத்தை? மூணுல இருந்து அஞ்சுக்குக் கோடு போகணுமே."

அளந்த நாள்களுக்கு நடுவே முழுக் கோடு போடு, அளக்காத இடத்தில் புள்ளி புள்ளியாகப் போடு, பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்றேன். மூன்று நிறப் பென்சில்களையும் கூராகச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குப் புள்ளி வைத்து முடித்ததும், மணி பத்தாகப் போகிறது, இன்னும் இன்றைக்கு அளக்கவில்லை என்று ஞாபகம் வந்து, ஸ்கேலை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினான்.